பிரேக் போடாத 0.3

தசம எண்களைச் சம இடைவெளியில் நிற்க வைப்பதுதான் என் பிழைப்பு. தருமபுரியில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு புரோகிராம் எழுதிக் கொடுக்கிறேன். புள்ளிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது.

பத்துக் கல்

தொப்பூர் மலைச்சாலை இறக்கத்தில் லாரி பிரேக் எவ்வளவு சூடாகிறது என்பது மல்லிகாவின் ஆய்வு. ஒரு கிலோமீட்டரை 0.1, 0.1 ஆகப் பிரிக்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை சம இடைவெளியில் பத்து எண் கொடு என்று கம்ப்யூட்டரிடம் கேட்டேன். 0.111, 0.222 என்று வந்தது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதென்று பதறிப்போனேன். மகளைப் பார்க்க வந்திருந்த அவள் அப்பா, லாரி டிரைவர், எட்டிப் பார்த்தார்.

"பத்து எடவெளின்னா பதினோரு கல்லு நடோணுங்க சார்."

குளிர்ந்த பிரேக்

பதினொன்று கேட்டேன், ஒழுங்காக வந்தது. 'தூரம் 0.3 ஆனதும் பிரேக் போடு' என்று புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். திரையில் லாரி முழுச் சுமையோடு இறங்கியும் பிரேக் சூடாகவே இல்லை! வழிகாட்டிப் பேராசிரியர் கைகுலுக்கினார். 'இறக்கம் பாதுகாப்பானது' என்று மல்லிகா முடிவுரையே எழுதிவிட்டாள்.

நாளை சமர்ப்பிக்க வேண்டும் என்ற நிலையில், மறுபடி வந்திருந்த அவள் அப்பா வேக வரைபடத்தைக் காட்டச் சொன்னார். லாரி ஒரு இடத்தில்கூட வேகம் குறைக்கவில்லை. திரையில் 0.3 என்று நின்ற எண்ணை முழுதாக விரித்தேன். மூன்றுக்குப் பின்னால் பதினைந்து பூஜ்யம், கடைசியில் ஒரு நாலு. அது துல்லியமாக 0.3 இல்லை, கம்ப்யூட்டருக்கு அது வேறு எண்; அதனால் பிரேக்கை யாரும் மிதிக்கவே இல்லை. மிதிக்காத பிரேக் எப்படிச் சூடாகும்?

"இந்த வேகத்துல எறங்கியிருந்தா நான் இங்க உக்காந்து டீ குடிப்பனாங்க?"

கிழிந்த முடிவுரை

கல்லுக்குக் கல் தசமத்தை ஒப்பிடாமல், பூஜ்யத்தையும் சேர்த்து எண்ணி நாலாவது கல் வந்தால் பிரேக் போடு என்று மாற்றினேன். இறக்கம் முடியுமுன்பே பிரேக் சூடு எல்லையைத் தாண்டியது. ஒரு பெண்ணின் நாலு வருட உழைப்பை என் ஒரு வரி கவிழ்த்துவிட்டதே! பேசாமல் பழையதையே கொடுத்துவிடலாமா என்று, வெட்கமாக இருக்கிறது, நான்தான் கேட்டேன். மல்லிகா முடிவுரைப் பக்கத்தைக் கிழித்தாள்.

"ஆறு மாசம் தள்ளிப் போனா போவட்டும்ண்ணா. எங்கப்பா நாளைக்கும் அந்த எறக்கத்துலதான் வண்டி ஓட்டறாரு."

அன்றிலிருந்து, சரியாக வந்துவிட்டது என்று யாராவது கைகுலுக்க வந்தால் எனக்கு வியர்க்கிறது.