விழுங்காத தேநீர்

குன்னூருக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் துரையின் தேயிலை ஃபேக்டரியில் அப்போது எனக்குக் கோப்பை கழுவும் வேலை. வரிசையாக வைத்த கோப்பைகளிலிருந்து, தேநீரின் தரம் பார்க்க, துரை கரண்டியால் மொண்டு சத்தமாக உறிஞ்சுவார். வாய்க்குள் சுழற்றிவிட்டுத் துப்பிவிடுவார். ஒரு மடக்குகூட விழுங்கமாட்டார். அதற்கு அவர்கள் சொன்ன பெயர் ‘டேஸ்ட்’. மிச்சத்தை நான் சாக்கடையில் கொட்ட வேண்டும். வாயில் வைத்தால் வேலை போய்விடும்.

என் வீட்டுக்காரர் அதே துரையின் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டியே தேய்ந்தவர். எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் கழிவுத் தூள்தான். மழைக்காலக் காய்ச்சலில் படுத்தவருக்குக் கஞ்சியும் இறங்காமல் போன அன்று கேட்டார்.

“நம்ம எலைத் தண்ணி என்ன ருசின்னு ஒருக்கா பாக்கோணும் புள்ள.”

மறுநாள் துரை போனதும் ஒரு கோப்பைத் தேநீரைத் தூக்குப்போசியில் ஊற்றினேன். ஃபேக்டரியை மேற்பார்க்கும் டீமேக்கர் பார்த்துவிட்டார்.

“ஆருக்கும்மா?”

“எங்க ஊட்டுக்காரருக்குங்க. இனிப் பொழைக்கமாட்டாருங்க.”

அவர் இன்னொரு கோப்பையையும் அதில் கவிழ்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வீட்டுக்கு ஓடினேன். சூடாக்கி, அவர் தலையை மடியில் ஏந்தி, கரண்டியால் புகட்டினேன்.

“மெல்ல முழுங்குங்க.”

வாயிலேயே வைத்திருந்தார். கண்கள் என்னையே பார்த்தன. விழுங்குவார் என்று காத்திருந்தேன். அது கடைவாய் வழியே வழிந்து என் சேலையை நனைத்தது. அடுத்த கரண்டியும் அப்படியே.

அவரைப் புதைத்த பிறகும் அதே கோப்பைகளைத்தான் கழுவப் போனேன். இன்றும் யாராவது ‘டேஸ்ட்’ என்று சொன்னால், என் மடியில் வெதுவெதுப்பாக ஏதோ வழிகிறது.