பிராங்ஃபுர்ட்டில் ஒரு கூறையும் எனக்குத் தெரிந்த ஒரே ஹிந்தி வசனமும்

கலியாணச் சாமான் வாங்க பிராங்ஃபுர்ட்டுக்கு எப்படிப் போவது, பேரம் பேசலாமா என்று வாசகிகள் மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். பேரம் பற்றிச் சொல்வதென்றால் நான் முதன்முதல் அங்கே போன கதையைத்தான் சொல்லவேண்டும். 1986 நவம்பர், கந்தசஷ்டி விரதத்தின் நாலாம் நாள். நேரங்களையும் விலைகளையும் அன்றைய குறிப்புக் கொப்பியில் இருந்தபடியே தருகிறேன்.

அப்போது நாங்கள் வுப்பர்டாலில் இருந்தோம். மேல்மாடியில் சுமதி என்ற பிள்ளை இருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்குக் கலியாணம். ஊரிலிருந்து ஒருவரிடம் கொடுத்துவிட்ட கூறைச் சேலை கொழும்போடு நின்றுவிட்டது. மாப்பிள்ளை உணவகத்தில் கோப்பை கழுவி மிச்சம் பிடித்த 260 மார்க்கை என் கையில் தந்து, “அக்கா, எப்பிடியாவது ஒரு சிவப்புப் பட்டு எடுத்துத் தாங்கோ” என்றார். சுமதிக்கு ஒரே கவலை, யாழ்ப்பாணத்தில் இருக்கிற தாய்க்குப் போகப்போகும் கலியாணப் படம்தான். “அம்மா கலியாணத்துக்கு வர ஏலாது. படத்தில கூறையும் இல்லையெண்டால் நெஞ்சு வெடிச்சுப் போயிடுவா” என்று அழுதாள்.

அகதி விண்ணப்பம் போட்டவர்கள் அனுமதியில்லாமல் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. சுமதிக்கு அலுவலகம் தந்த கடிதம் அந்த ஒரு நாளுக்கு மட்டும்தான். அன்று கிடைக்காவிட்டால் கூறையே இல்லை.

காலை 6.48க்கு ரயில். போக வரச் சலுகைச் சீட்டு ஆளுக்கு 74 மார்க், இரண்டும் என் கைக்காசு. இந்தப் பாதையில் போகிறவர்கள் இடதுபக்க ஜன்னலில் இருங்கள். கொப்லென்ஸ் தாண்டியதும் ரைன் ஆறு கூடவே வரும். பனிக்குள்ளே மலையுச்சிக் கோட்டைகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்த அழகைப் பார்த்து, சஷ்டிக் காலத்தில் குன்றெல்லாம் கண்ணில் படுகிறதே என்று கும்பிட்டுக்கொண்டேன்.

ரயிலில்தான் சுமதிக்கு அந்த ஹிந்தி வசனத்தைச் சொன்னேன். அதை எனக்குப் பழக்கியது ஆஹென் நகரில் இருந்த விஜயா. தமிழ்நாட்டுப் பிள்ளை. புருஷன் அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். அதற்கு முன் டில்லியில் இருந்தவர்கள். “அக்கா, கடைக்காரர் ரேட் சொன்ன உடனே ‘ஹம் தோ ஹமேஷா ஆப் ஹீ கே யஹான் ஆதே ஹைன்’னு சொல்லிடுங்க. நாங்க எப்பவும் உங்க கடைக்குத்தான் வர்றோம்னு அர்த்தம். ஆறு வருஷம் இதை வச்சுத்தான் டெல்லில குடும்பம் நடத்தினேன்” என்பாள். ஒரு பஞ்சாபிக் கடையில் இதே வசனத்தால் பருப்பில் இரண்டு மார்க் குறைத்ததை நான் கண்ணால் கண்டவள். அவளுடைய துணிச்சலில் எனக்கு இன்றைக்கும் மதிப்பு.

“அவர் திருப்பி ஹிந்தியில கதைச்சால் என்ன செய்யிறது, அக்கா?” என்று சுமதி கேட்டாள்.

“விஜயா சிரிக்கச் சொன்னவ.”

10.11க்கு இறங்கினோம். ஸ்டேஷனிலிருந்து எழுநூறு மீட்டருக்குள் மூன்று இந்தியக் கடைகள். முதலாவதில் பட்டு 480 மார்க். அந்த விலைக்கு என் வசனம் தாங்காது என்று வாய் திறக்காமலே வெளியே வந்தேன். இரண்டாவதில் சிவப்பே இல்லை. மூன்றாவது கடையின் கண்ணாடிக்குள் ஒரு பொம்மை சிவப்பு பனாரஸ் பட்டு உடுத்துக்கொண்டு நின்றது. சுமதி அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

உள்ளே தலைப்பாகை கட்டிய சீக்கியப் பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பெரியவர் அதே மாதிரிச் சேலையை விரித்துக் காட்டினார். விலைத்துண்டில் 320 மார்க். கட்டம் போட்ட எங்கள் ஊர்க் கூறை இல்லைதான். ஆனாலும் நல்ல சிவப்பு, நல்ல சரிகை. முருகனை நினைத்துக்கொண்டு வசனத்தை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அந்த அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பெரியவருக்கு வந்த ஜெர்மனும் என்னுடையதும் ஒரே தரம்தான், ஆகவே நன்றாக விளங்கியது.

“அம்மா, இந்தக் கடை திறந்து ஒன்பது நாள். இந்த ஒன்பதில் எந்த நாள் வந்தீர்கள்?”

உள்ளே வரும்போதே பெயின்ட் மணம் மூக்கில் அடித்தது. வாசலில் செவ்வந்தி மாலை இன்னும் முழுக்க வாடாமல் தொங்கியது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன்! அதுவும் விரத நாளில். முகம் எரிந்தது. “மன்னித்துக்கொள்ளுங்கள், இதுதான் முதல் தரம். எனக்குத் தெரிந்த ஹிந்தியும் இவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டேன்.

சுமதி என் சீலைத் தலைப்பை இழுத்தாள். “அக்கா, வாங்கோ போவம். பொலிசைக் கூப்பிடப் போறார்.”

அவர் கூப்பிடவில்லை. “டில்லியில் இருபத்திரண்டு வருஷம் கடை வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு இருபது பேர் இதைச் சொல்வார்கள், பாதிப் பேரை நான் கண்டதே இல்லை. நானும் ‘உங்களுக்கு மட்டும் இந்த விலை’ என்பேன். அதுவும் பொய்தான். எண்பத்து நாலுக் கலவரத்தில் கடையை எரித்துவிட்டார்கள். இங்கே வந்தபின் இதை என்னிடம் சொன்ன முதல் ஆள் நீங்கள்” என்றார்.

நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஏன் வந்தீர்கள் என்று எங்களை யாரும் கேட்டால் நாங்களும் எண்பத்து மூன்று என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம்.

ஆனால் விலை இறங்கவில்லை. அவர் சொன்ன காரணத்தை என்னால் மறுக்கவும் முடியவில்லை. டில்லி என்றால் 450 சொல்லி 320க்கு வந்திருப்பாராம். ஜெர்மன்காரர் பேரம் பேசமாட்டார்களே என்று இங்கே நேரே 320ஐ எழுதிவிட்டார். “இனி எங்கே இறங்குவது, அம்மா?” என்று கையை விரித்தார். என்னிடம் மிச்சம் இருந்தது அந்த 260தான். சுமதி சேலையை மடிப்புக் குலையாமல் மடித்துத் திருப்பி வைத்தாள். “விடுங்கோ அக்கா, என்னட்டை இருக்கிற நீலத்தை உடுக்கிறன்” என்றாள். கையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

அந்த அம்மா எழும்பினார். கணவரிடம் இரண்டு சொல் சொல்லிவிட்டு, கண்ணாடிக்குள் ஏறி பொம்மையின் ஊசிகளைக் கழற்றத் தொடங்கினார். காட்சிக்கு வைத்த பொருளை விலை குறைத்து விற்பது இந்த நாட்டு வழக்கம் என்றும், பொம்மை உடுத்திய சேலைக்கு 260 சரி என்றும் பெரியவர் விளக்கினார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. உடுத்த சேலை கூறையாகுமோ? சுமதியிடம் மெல்லக் கேட்டேன்.

“பொம்மை இன்னும் கலியாணம் கட்டேல்லைத்தானே அக்கா!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். முருகனும் சிரித்திருப்பான்.

பெரியவர் சேலையைக் கடதாசியில் சுற்றி, கட்டி, இரண்டு கையாலும் சுமதியிடம் கொடுத்தார். “சிர்ஃப் ஆப் கே லியே” என்றார். உங்களுக்கு மட்டும் என்று அர்த்தமாம். தேத்தண்ணி தந்தார்கள். நான் விரதம் என்றதும் அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா பொம்மைக்கு ஒரு மேசைவிரிப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். கடை திறந்து ஒன்பதாம் நாள், கண்ணாடியில் இருந்த ஒரே நல்ல சேலையைக் கழற்றித் தந்த கை அது. அப்படியான மனசை நான் அதிகம் கண்டதில்லை.

14.20 ரயிலில் ஏறி 17.45க்கு வீடு வந்து சேர்ந்தோம். அனுமதிக் கடிதத்தை யாருமே கேட்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திங்களிலிருந்து வியாழனுக்குள் போங்கள், சனிக்கிழமை சனம் நெரியும். விலைத்துண்டு தொங்கினால் அதுதான் பெரும்பாலும் கடைசி விலை. கண்ணாடியில் இருப்பதைக் குறைத்துத் தருவீர்களா என்று கேட்டால் கோபிக்கமாட்டார்கள். விஜயாவின் வசனம் வேண்டுமென்றால் பாடமாக்குங்கள். ஆனால் சொல்லுமுன் சுவரில் பெயின்ட் காய்ந்திருக்கிறதா என்று ஒரு தரம் முகர்ந்து பாருங்கள்.

படம் போய் நாலு மாதத்துக்குப் பிறகு சுமதியின் தாயிடமிருந்து பதில் வந்தது. சுமதி அதைக் கீழே கொண்டுவந்து என் முன்னால் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள். இரண்டு பக்கம். பிள்ளை மெலிந்துவிட்டதாம், கன்னம் ஒட்டியிருக்கிறதாம், கண் மட்டும் தெளிவாக இருக்கிறதாம், மாப்பிள்ளையின் முகம் நல்ல முகமாம். கூறையைப் பற்றி ஒரு சொல் இல்லை. சுமதி பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, “அம்மா சீலையைப் பாக்கவே இல்லை அக்கா, என்னைத்தான் பாத்திருக்கிறா” என்றாள்.