ஸ்ரீரங்கத்து வெயிலில் ஒரு புல்லாங்குழல்

உலக யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்திய சித்திரை மாதம். காலை ஏழரை மணிக்குத் திருச்சி ஜங்ஷனில் இறங்கினேன். கும்பகோணத்திலிருந்து ஐம்பது மைலுக்கு மேல் நின்றுகொண்டே வந்ததில் கால் கடுத்தது. கையில் ஒரு பெட்டி, கக்கத்தில் பட்டுத் துணியில் சுற்றிய புல்லாங்குழல். ஸ்ரீரங்கத்தில் பெண் பார்க்க வேண்டும். பெரியவர்கள் முன்பே பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டார்கள். பெண்ணின் தகப்பனார் மட்டும், மாப்பிள்ளை ஒருநாள் வந்து குழல் வாசித்தால் கேட்டு ஆனந்திப்போம் என்று எழுதியிருந்தார். என் அத்தை அவரிடம் என்னைப் பற்றி அப்படி அளந்துவிட்டிருந்தாள். நான் கற்றுக்கொள்ள ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் அடுத்த வீட்டுக்காரரைக் கேட்டால் எட்டு வருஷம் என்பார்.

ஜட்காக்காரர் பத்தணா கேட்டு, எட்டணாவுக்கு இறங்கி வந்தார். மலைக்கோட்டையைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தார்.

"அது என்ன சாமி, கக்கத்துல?"

"குழல்."

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குங்க, அடுப்பு ஊதறதுக்கு. கொஞ்சம் ஊதிக் காட்டுங்களேன்."

"குதிரை மிரளும்" என்றேன். அது அடக்கத்தில் சொன்னதல்ல. பாலத்துக்குக் கீழே காவிரி வெறும் மணலாகக் கிடந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஓடியது.

வடக்குச் சித்திரை வீதியில் வீடு. பெண்ணின் தகப்பனார் சம்ஸ்கிருத வாத்தியார். காபி வருவதற்குள் குழலைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார்.

"வேணுன்னா மூங்கில்னு அர்த்தம். வேய்ன்னாலும் மூங்கில்தான், அதான் வேய்ங்குழல். வம்சம்னாலும் மூங்கில், அதுலேர்ந்து வம்சி. குலத்தையும் வம்சம்னுதானே சொல்றோம்? ரெண்டும் கணுக் கணுவா வளர்றது, பாருங்கோ! எத்தனை பேர் இதுக்கு! இது சாமான்ய வஸ்துவா? கண்ணன் திருப்பவளத்துல வெச்சு ஊதினதாச்சே!"

சமையலறை வாசலில் நின்று கேட்ட மாமிக்கு, பெண்ணின் தாயாருக்கு, கண் கலங்கிவிட்டது. இரண்டு கையாலும் குழலை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். நான் நீராடி, கோயிலுக்குப் போய்ச் சேவித்துவிட்டு வந்து, சாப்பிட்டுத் தூங்கினேன்.

நாலு மணிக்கு, சங்கீதம் தெரிந்த இரண்டு பெரியவர்கள் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள். குழல் எங்கே என்று கேட்டேன்.

"மாடியிலே காயறது. எடுத்துண்டு வரேன்" என்றாள் மாமி.

"காயறதா?"

"பெருமாள் உள்ளுல, பூஜையில ஏளப்பண்ணி வைக்கணும்னு ஆசைப்பட்டேன். ஆனா நீங்க வாய் வெச்சதாச்சே! எச்சிலை எப்படி அங்கே வைக்கறது? புளி போட்டுத் தேய்ச்சு, வெந்நீர்ல அலம்பி, வெயில்ல வெச்சிருக்கேன்."

குழல் வந்தது. வாய்த்துளையிலிருந்து கடைசித் துளை வரை ஒரே விரிசல். மாமி அழுதேவிட்டாள். எனக்கோ உள்ளுக்குள் கொள்ளாத சந்தோஷம். இனி வாசிக்க வேண்டியதில்லை. என் மேல் குற்றமும் இல்லை. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "பரவாயில்லை மாமி" என்றேன்.

அப்போது உள்ளிருந்து பெண் வந்தாள். குழலை வாங்கி வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்தாள். எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் திரும்பி வந்தபோது, வீணை மெட்டுக்கு வைக்கிற மெழுகால் விரிசல் அடைபட்டு, மேலே பட்டு நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது.

"இப்போ வாசிக்கலாம்" என்றாள்.

அவள் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தேன். அதுவரை மானம் போய்விடுமே என்றுதான் பயந்தேன். இப்போது இந்தப் பெண் கிடைக்காமல் போய்விடுவாளே என்று பயம் பிடித்துக்கொண்டது.

எனக்குத் தெரிந்த ஒரே கீர்த்தனையை வாசித்தேன். பல்லவியிலேயே ஒரு பெரியவர் பொடி டப்பியைத் திறந்தார். மற்றவர் உத்தரத்தைப் பார்த்தார், கடைசி வரை அங்கேயே பார்த்தார்.

"பாவம், வெடிச்ச மூங்கில் என்ன பண்ணும்?" என்றார் வாத்தியார்.

"எல்லாம் என்னாலதான்" என்றாள் மாமி. நான் தலையைக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டேன்.

"விரிசல் நன்னா அடைஞ்சிருக்கு அப்பா" என்றாள் பெண். "நானே ஊதிப் பார்த்துட்டுத்தான் கொடுத்தேன். காத்துக் கசியலே."

எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் மாமியின் காதில் விழுந்தது வேறு.

"நீ ஊதினியா? நீ ஊதின எச்சிலையா அவர் வாயில வெச்சுண்டார்?" மாமி தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இனிமே இவளை வேற எடத்துல எப்படிக் கொடுக்கறது?"

வாத்தியார் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு பெண் பக்கம் திரும்பி, "உனக்குச் சம்மதமா, சொல்லு" என்றார்.

"சம்மதம்தான். ஆனா குழல் இங்கேயே இருக்கட்டும்."

மாமி குழலை எடுத்துக்கொண்டு, மறுபடியும் வெந்நீர் வைக்கப் போனாள்.

இரவு ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. கும்பகோணத்தில் என் வீட்டுப் படி ஏறும்போது, வெறும் பட்டுத் துணியைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்காரர் குழல் எங்கே என்று விசாரித்தார். ஸ்ரீரங்கத்தில், பெருமாள் உள்ளில் இருக்கிறது, இனி வராது என்றேன். பெண் எப்படி, கல்யாணம் எப்போது என்று எதுவும் கேட்காமல், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நல்ல எடத்துச் சம்பந்தம்" என்றார்.