பாக்கெட்டின் பின்பக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை, பொங்கலுக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தோம். அலமாரியை நகர்த்தும்போது பழைய டிக்‌ஷனரி ஒன்று கீழே விழுந்தது. அதற்குள்ளிருந்து ஒரு விதை பாக்கெட்! முன்பக்கம் கோலிக்குண்டு சைஸில் தக்காளிப் படம். பின்பக்கம் பொடிப்பொடியாக இங்கிலீஷ்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். எட்டு வருஷம் லேட்டாக...

அப்போது நான் திருவண்ணாமலையில் கிளார்க். மாடி போர்ஷனில் குடியிருந்தேன். கீழ் போர்ஷனில் வசந்தா. புருஷன் பஸ் டிரைவர். வசந்தாவின் அப்பாவுக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் விளைகிற நிலம். மகள் தானாகத் தேடிக்கொண்ட கல்யாணத்தில் அவருக்கு இஷ்டமில்லை. பிடி மண் இல்லாத வீட்டில் என் கால் படாது என்று சொன்னவர், மூன்று வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு வருவார் என்று வசந்தாவின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். தீபத்தன்று மொட்டைமாடி உள்ள வீட்டுக்கு உறவுக்காரர்கள் வராமல் இருப்பார்களா? சண்டைக்காரர்கள்கூட வந்துவிடுவார்கள். மலை உச்சி தெரிய வேண்டுமே!

வசந்தா ஒரு காரியம் செய்தாள். பக்கத்து வீட்டில் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மாள் ஊருக்குப் போகும்போது கொடுத்த விதை இருந்தது. ஆறு டால்டா டின்களில் ஆணியால் ஓட்டை போட்டு, செம்மண்ணும் சாணி எருவும் நிரப்பி, மொட்டைமாடியில் வைத்து ஆவணியில் விதைத்தாள். தீபத்தன்று பழம் குலுங்க வேண்டும். மண் இல்லாத வீட்டிலும் மகள் விளைய வைப்பாள் என்று அப்பா பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

செடி முழங்கால் உயரம்கூட வரவில்லை. குட்டையாக, புதர் மாதிரி அடர்ந்து நின்றது. இப்படித்தான் வளருமா என்று அவளுக்குச் சந்தேகம். பாக்கெட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சார், இதுல இன்னா எழுதியிருக்குனு படிச்சி சொல்றீங்களா?"

கையில் கண்ணாடி இல்லை. போய் எடுத்து வந்திருக்கலாம். சோம்பல் – அதைவிட, எல்லாம் தெரியும் என்கிற திமிர். தக்காளி என்றால் எல்லாம் தக்காளிதானம்மா என்று சொல்லி பாக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டால் சத்து முழுக்கக் காய்க்குப் போகும் என்று ரேடியோ விவசாய நிகழ்ச்சியில் கேட்டிருந்தேன். கொம்பு நட்டுக் கட்டுகிற நெட்டைச் செடிக்குச் சொன்னது அது. நான் அரைகுறையாகக் கேட்டவன்!

ஆறு டின்னிலும் என் கையாலேயே கிள்ளினேன். ஜாஸ்தி கிள்ளுகிறீர்களே சார் என்று அவள் தயங்கினாள். நான் சிரித்தேன்.

தீபம் வந்தது. டின்னுக்கு ஒரு குச்சி நின்றது. எல்லாம் சேர்த்து ஒரு கைப்பிடிப் பழம்கூட இல்லை.

அவள் அப்பா மாடிக்கு வந்தார். மலையைப் பார்க்கவில்லை, நேராக டின்களிடம் போய்க் குனிந்தார். கிள்ளிய இடங்களைத் தடவிப் பார்த்தார்.

"குட்டச் செடிக்குக் கிளையிலதான காய்ப்பே. யாரு இத கிள்ளினது?"

சுண்டல் தட்டோடு நான் பக்கத்தில்தான் நின்றேன். வசந்தா என்னை ஒரு தரம் பார்த்தாள். நான் சுண்டலைப் பார்த்தேன்.

"நான்தாம்பா. தெரியாம கிள்ளிட்டேன்" என்றாள்.

"மண்ணுதான் இல்லன்னு நெனச்சேன்" என்றார் பெரியவர்.

அந்த நேரம் பார்த்து மலையில் தீபம் ஏறியது. ஊரே அரோகரா என்றது. அவரும் கும்பிட்டார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று மகள் கெஞ்சியும் நிற்கவில்லை. மறுவருஷ தீபத்துக்கும் அவர் வரவில்லை. அதற்குள் நான் வாய் திறந்திருக்கலாமே? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு அவள் புருஷனுக்கு மாற்றலாகி, வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறேனே... 'நான்தான் கிள்ளினேன் பெரியவரே' என்கிற ஒரு வரி அன்றைக்கு வரவில்லை. நினைத்தால் கூசுகிறது.

வசந்தா, இது உன் கண்ணில் படுமோ படாதோ. பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாயே அம்மா, இப்போது படித்துச் சொல்கிறேன்: 'குட்டை ரகம். கிள்ள வேண்டாம்.'