ஜெசிந்தா அக்கா ஏன் திரும்பி வந்தார்

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வெள்ளம் புகுந்துபோன எங்கள் நாவற்குடா ஆலய மண்டபத்தின் நீள மர வாங்குகளை முற்றத்தில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா அக்காவின் தம்பி ரொபின்சன் தொலைபேசியில் அழைத்தான்.

“அண்ணா, அக்கா போயிட்டா.”

“வீட்டுக்கு விட்டுட்டாங்களா? நல்லம், நல்லம்” என்றேன்.

அவன் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் அக்காவை வைத்தியசாலையில் பார்த்தபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாப்பிடப் பாண் கொண்டு போனதற்கு என்னை ஏசினார். அதனால் எனக்கு வேறு அர்த்தம் தோன்றவேயில்லை. “அண்ணா, இல்ல” என்று ரொபின்சன் சொன்ன பிறகுதான் விளங்கியது. கையில் பிடித்திருந்த குழாயிலிருந்து தண்ணீர் என் கால்களில் ஓடிக்கொண்டேயிருந்தது.

அவரை அறிந்த உங்களுக்காக, முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். வாசிப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். என்னிடம் ஆறுதல் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அவருடைய ஊரான மாங்கேணியில் கடலோர மயானத்தில் குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. ரொபின்சனும் கூட்டாளிகளும் வாளியால் இறைத்துக் கொட்டினார்கள். இறைத்து முடியாமலே பெட்டியை இறக்கினோம். சுற்றி நின்றவர்கள் பேசியது ஒன்றே ஒன்றுதான். “ஜேர்மனியிலயே நிண்டிருந்தா இண்டைக்கு உயிரோட இருந்திருப்பா.” போதகர் தம் செய்தியில் அவர் திரும்பி வந்ததைத் தியாகம் என்றார். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் அதைப் பைத்தியம் என்றார். அக்காவின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது:

“எல்லாரும் என்னட்டக் கேக்கிறாங்க மனே, ஏன் புள்ளயக் கூப்பிட்டாய் எண்டு. நான் கூப்பிடல்ல. நானும் வராத எண்டுதான் சொன்னன்.”

ஜெசிந்தா அக்காவும் நானும் எங்கள் திருச்சபையின் இளைஞர் பணியில் ஒன்றாக வேலை செய்தவர்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஜேர்மனியில் ஒரு திருச்சபை, எங்கள் பகுதியிலிருந்து வருடத்துக்கு ஒருவரைத் தன் இளைஞர் பணிக்கு அழைக்கத் தீர்மானித்தபோது முதலில் தெரிவானவர் அவர்தான். ஒரு வருடம் வேலை, தங்குமிடம், சாப்பாடு, பிறகு திரும்பி வர வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். ஆனால் ஊரில் எவரும் அதன் கடைசிப் பகுதியை நம்பவில்லை. விசா கிடைத்த அன்று அவர் வீட்டில் கேக் வெட்டினார்கள். விமான நிலையத்தில் ரொபின்சன் அவரைக் கட்டிப்பிடித்து, “அக்கா, போனா கிறுகிப் பாராத. அங்கயே நிண்டு என்னையும் எடு” என்றான். அவர் அவனுடைய சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனார்.

அவர் போனது ஜேர்மனியின் வடக்கே ஒரு சின்ன நகரம். மாலையில் பிள்ளைகள் வந்து மேசைப் பந்து ஆடவும், வீட்டுப்பாடம் செய்யவும், சும்மா குந்தியிருக்கவும் ஓர் இளைஞர் இல்லம். அதில் அக்காவுக்குச் சமையலும் விளையாட்டும் பாட்டும் பொறுப்பு. முதல் மாதங்களில் எனக்கு அடிக்கடி அழைப்பார். “இஞ்ச நான் கதைக்கிறது ஒருத்தருக்கும் விளங்குதில்ல டிலான். சிரிச்சுச் சிரிச்சே வாய் நோகுது” என்றார் ஒருநாள். பனிக்காலத்தில் மாலை தொடங்குவதற்கு முன்பே இருட்டிவிடும். சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு, முகம் கழுவிப் பிள்ளைகளிடம் போவாராம். அவருக்கு அங்கே எல்லாம் இலகுவாக இருந்தது என்று நினைப்பவர்கள் இதை அறிய வேண்டும்.

அங்கே உணவகம் ஒன்றின் குசினியில் வேலை செய்த ஒருவரை அவருக்குத் தெரியவந்தது. வாழைச்சேனைக்காரர். பல வருடங்களுக்கு முன்பு போனவர். வதிவிட அனுமதி இல்லை. ஊர்ப் பிள்ளை என்று அவருக்குப் பெரிய சந்தோஷம். “தங்கச்சி, நீ போகாத. நான் ஒரு வழி செஞ்சு தாறன்” என்று காணும்போதெல்லாம் சொல்வாராம். அந்த மனிதரின் தகப்பன் இங்கே இறந்தார். ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. அன்று அக்கா அவருக்குத் துணையாகக் குசினியில் போய் இருந்தார். அந்த மனிதர் ஈரக் கையைத் துடைத்துவிட்டு, செத்தவீட்டைத் தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊருக்கு வந்த பிறகு அக்கா எனக்குச் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. “பெட்டிய மூடப் போறாங்க. அந்த மனுசன் போனைக் கீழ வச்சிட்டு, குனிஞ்சு, கண்ணாடியில தகப்பன்ர காலைத் தொட்டார் டிலான். விரல் பட்டதும் படம் அசைஞ்சு போயிட்டு. மறுகா காலைக் காணல்ல.”

இதைக் கேட்டவுடன், இதனால்தான் அவர் திரும்பி வந்தார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அதுவும் சரியில்லை என்று பிறகு தெரிந்தது.

அவருடைய வருடம் முடியும் வேளையில் இங்கே பெற்றோல் இல்லை, எரிவாயு இல்லை, பால்மா இல்லை. கடவுச்சீட்டு எடுக்கச் சனம் தெருவில் பாய் போட்டுப் படுத்திருந்தது. நாடே வெளியே போகத் துடித்த நேரத்தில் ஜெசிந்தா அக்கா உள்ளே வந்தார். பெற்றோல் இல்லாததால் நான் சைக்கிளில்தான் மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் போனேன். வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. “அம்மா வரல்லயா?” என்று கேட்டார். நான் அவருடைய பையைச் சைக்கிளின் பின்னால் கட்டினேன்.

மறுநாள் பஸ் கிடைத்தபோது மாங்கேணிக்கும் கூடப் போனேன். ரொபின்சன் வீட்டின் பின்பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தான். எழும்பி வரவில்லை. அதன் பிறகு பல மாதங்கள் அவன் அவரோடு கதைக்கவுமில்லை. சந்திக்கடையில் ஒரு பெண் எல்லோருக்கும் கேட்க, “ஜேர்மனியில இருந்து மண்ணெண்ணெய் வரிசையில நிக்க வந்திருக்கு புள்ள” என்றாள். அக்கா சிரித்தார். வரிசையில் நின்றார்.

அவர் சொன்னபடி திரும்பியதால் அடுத்த வருடம் எனக்கு விசா கிடைத்தது. நானும் அதே இல்லத்தில் வேலை செய்தேன். லீனா என்ற பிள்ளை முதல் கிழமையே என்னிடம் வந்து, “ஜெசிந்தாவுக்கு எங்களைப் பிடிக்கவில்லையா?” என்று கேட்டாள். தாய் நோயில் கிடக்கும் வீட்டிலிருந்து வருபவள். அக்கா போன நாளில் அவள் வழியனுப்பவும் வரவில்லையாம். அங்கே நிற்கவில்லை என்று அவர்களுக்குக் கோபம். இங்கே வந்துவிட்டார் என்று இவர்களுக்குக் கோபம். இரண்டு கோபத்தையும் அந்த மனிதப் பிறவி தனியே சுமந்தது.

நான் திரும்பி வந்தபின் மாங்கேணியில் வெள்ளிக்கிழமைகளில் இளைஞர் கூடத்தை இருவரும் நடத்தினோம். தொடக்கத்தில் அறை நிறையப் பிள்ளைகள். பிறகு ஒருவர் கட்டாருக்கு, ஒருவர் மாலைதீவுக்கு, இன்னொருவர் எங்கே என்றே தெரியாது. ஒருநாள் பனிச்சங்கேணிப் பாலத்தில் பஸ்ஸுக்காக நின்றோம். அன்று கூடத்துக்கு மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். வாவியைப் பார்த்தபடி அவர் சொன்னார்:

“எனக்குப் பயமாக் கிடக்கு டிலான். எல்லாரும் போய் முடிஞ்சா, நான் ஆருக்கு வேலை செய்யிறது?”

பஸ் வந்தது. நான் கைகாட்டி மறித்தேன்.

இந்த மாரியில் வெள்ளம் வந்தது. பனிச்சங்கேணிப் பக்கம் வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஜெசிந்தா அக்கா எஞ்சியிருந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் உலர் உணவு கொடுத்தார். தண்ணீர் வற்ற, சேறு வாரினார், கிணறு இறைத்தார். காலில் தகரம் வெட்டிய காயம் இருந்தது. துணியால் கட்டிக்கொண்டு நின்றார். காய்ச்சல் வந்தபோது, நனைந்ததால் வந்தது என்றார். வைத்தியசாலைக்குப் போகும்போது எலிக்காய்ச்சல் சிறுநீரகத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. வைத்தியர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். முதல்நாள் தன்னைக் கூட்டிக்கொள்ளாமல் தண்ணீருக்குள் இறங்கியதற்கு ரொபின்சன் இன்னும் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறான். திட்டித் திட்டி அழுகிறான்.

அடக்கம் முடிந்த பின்வந்த வெள்ளிக்கிழமை நான் கூடத்துக்குப் போனேன். நிலக்சி மட்டும் வந்திருந்தாள். இந்த வருடம் ஜேர்மனிக்குத் தெரிவாகியிருக்கும் பிள்ளை.

“அண்ணா, உங்களுக்கு நான் பொய் சொல்ல ஏலா. போனா நான் வரமாட்டன்” என்றாள். “அக்கா வந்தா. வந்து என்னத்தக் கண்டா?”

நீ வராவிட்டால் உனக்குப் பின்னால் நிற்பவர்களுக்குக் கதவு சாத்தப்படும் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. சொல்ல வாயெடுத்தபோது, சென்ற வருடம் இதே அறையில் நடந்தது நினைவுக்கு வந்து என்னை நிறுத்தியது. போகப்போகும் பிள்ளைகளுக்குத் தாயகப் பற்றைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி திருச்சபை மேலிடத்திலிருந்து வந்த ஒருவர் அக்காவைக் கேட்டார். அக்கா எழும்பி நின்று சொன்னார்:

“நான் அம்மாவுக்காக வரல்ல. ஊருக்காகவும் வரல்ல. எனக்குப் பிறகு போறவங்களுக்காகவும் வரல்ல. எனக்கு இஞ்ச இருக்க விருப்பம். அங்க நிண்டவங்களிட்ட ஏன் நிண்டனீங்க எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்ல. என்னட்ட மட்டும் ஏன் கேக்கிறீங்க?”

வந்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அதனால் நிலக்சியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. “போய்ப் பார் புள்ள. குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்கிக்கொண்டு போ” என்றேன். அவள் அழத் தொடங்கினாள். நானும் அழுதேன்.

அவருடைய கல்லறையில் தியாகம் என்ற சொல்லை எழுதாதீர்கள் என்று குடும்பத்தாரையும் உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். பைத்தியம் என்ற சொல்லை நீங்களே உங்கள் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்தச் சேற்றிலும் உப்புக்காற்றிலும், ஆளில்லாத இந்த அறையிலும் இருக்க ஒருத்திக்கு விருப்பம் இருந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த விருப்பத்தை நேரில் கண்டேன் என்பதை மட்டும்தான். அது என்னிடமும் இருக்கிறதா, அல்லது போக இடமில்லாமல்தான் நான் இங்கே நிற்கிறேனா என்பது எனக்குத் தெரியாது. கேட்கலாமென்றால், கேட்க அவர் இல்லை.