வெற்றிலைத் தட்டில் ஒரு சுறாப்பல்

அத்தான் எங்கள் தென்காசி வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்தபோது, குற்றாலச் சாரலில் நனைந்து அரைகுறையாகக் காய்ந்த வேட்டியின் வாசம் அடித்தது. ஆனி மாதம்; ஐம்பதுகளின் கடைசி. என் அக்கா கோமதியைப் பெண் பார்க்க, கீழப்பாவூரிலிருந்து அவர் தன் தாயாருடன் வந்திருந்தார். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழியில் மேஸ்திரி வேலை. பாறைக்கு வெடி வைத்து வைத்து அவருக்குக் காது மந்தமாகியிருந்தது என்பது, அப்பா கேட்ட இரண்டாவது கேள்விக்கே தெரிந்துபோயிற்று. பெரியப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

அக்கா வழக்கம்போலத் தலையைக் குனிந்தபடி காப்பி கொடுத்துவிட்டு நின்றாள். அவர் என்ன நினைத்தாரோ, சட்டைப்பையிலிருந்து பழுப்பாய், முக்கோணமாய், ஓரமெல்லாம் கூராக இருந்த ஒன்றை எடுத்து வெற்றிலைத் தட்டில் வைத்தார்.

"என்னடே இது, பொண்ணு பாக்க வந்த எடத்துல பல்லைக் கொண்டாந்து வைக்கான்!" என்று பெரியப்பா எழுந்தே விட்டார்.

அக்கா அதைக் கையில் எடுத்தாள். "எதோட பல்லு இது?" என்றாள். அவர் காதருகே கையைக் குவித்தார். அதுவரை வெளியாட்கள் முன்னால் வாய் திறந்தறியாத அக்கா, தெருவுக்கே கேட்கும்படி மறுபடியும் கேட்டாள்.

"சுறா. கல்லாவே ஆயிட்டு. கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்தி அங்கன கடல்லா!"

"அரியலூர்லயா?"

"ஆமா. ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடலாம். சுறா மட்டுமில்ல, முதலை மாதிரி பெரிய பெரிய ஜந்தெல்லாம் கெடச்சதைக் கடிச்சுத் தின்னுக்கிட்டு அலைஞ்சிருக்கு. ஆராய்ச்சிக்கு வந்தவுக சொன்னாக."

"மனுசங்க?"

"ஒருத்தரும் கெடையாது."

"அப்போ நிம்மதியாத்தான் இருந்திருக்கும்" என்று அக்கா சத்தமாகச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில், எரிச்சலோடு உட்கார்ந்திருந்த அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவர்கள் போனபின், "காது கேக்காதவனுக்கா பொண்ணைக் குடுக்கது?" என்று பெரியப்பா குதித்தார்.

"அவுகளுக்குக் கேக்குத மாதிரி நான் பேசிக்கிடுதேன், பெரியப்பா" என்றாள் அக்கா. ஆவணியில் கல்யாணம் நடந்தது.

மறுவருடம் பள்ளி விடுமுறையில் நான் அரியலூருக்குப் போயிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் குழியில் இறங்கி, அக்கா வேடிக்கையாகக் 'கடல்' என்று சொல்லும் அந்த இடத்தில் சிப்பியும் பல்லும் தேடுவார்கள். சேலையைச் செருகிக்கொண்டு வெள்ளைப் புழுதியில் குந்தியிருந்த அக்காவின் முகத்தில், தென்காசியில் நான் பார்த்திராத ஒரு விடுதலை இருந்தது.

அத்தான் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. போன மாதம் அக்கா கேட்டாள் என்று அரியலூருக்கு அழைத்துப் போனேன். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகள் இல்லை. கல் முழுக்கச் சிமெண்டாகி எங்கெங்கோ போய்விட்டது. வெட்டிக் கைவிட்ட குழி நிறைய மழைத்தண்ணீர், கரை தெரியாமல் பச்சையாகக் கிடந்தது. அக்கா விளிம்புவரை போய் எட்டிப் பார்த்தாள்.

"மறுபடியும் தண்ணி வந்துட்டு, பாத்தியாட்டி. அவுக இருந்தா எம்புட்டுச் சந்தோசப்படுவாக."