காசிநாதன் குளிக்காமல் வந்த சனிக்கிழமை

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஒன்றில் பச்சைத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு எடுப்பது காசிநாதனின் வேலை. அந்த வாடை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கல்யாணமான புதிதில் மனைவி பட்டம்மாள் ஒருமுறை மூக்கைப் பொத்திக்கொண்டாள். அன்றிலிருந்து தொழிற்சாலைக் குழாயடியிலேயே சோப்பு தேய்த்துக் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் அவர் வீட்டு வாசலை மிதிப்பார்.

மகளை நாட்றம்பள்ளியில் கட்டிக்கொடுத்த பிறகு பட்டம்மாள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். வேலூர் நாய்க் காப்பகத்திலிருந்து செவலை நாயொன்றை அழைத்து வந்ததும் நிலைமை மாறியது. ராணி என்று பெயர் வைத்து நாள் முழுக்க அதனோடு வாயாடினாள். காசிநாதனுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது.

ஆனால் ராணிக்கு அவரைக் கண்டாலே ஆகவில்லை. அவர் நுழைந்தால் பல்லைக் காட்டி உறுமிவிட்டுக் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும். வீட்டில் எல்லாரோடும் ஒட்டாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்து திரும்ப அழைத்துப் போய்விடுவதாகக் காப்பகத்துப் பெண் நிஷா முன்பே சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை, உடன் வேலை செய்யும் சத்தாரிடம் புலம்பினார்.

"நாய் மூக்கு பொல்லாதது காசி. நீ இன்னா தேய்ச்சாலும் தோல் ஷாப்பு நாத்தம் போவுமா? இந்தா அத்தர். ஜாஸ்தி பூசாதே."

காசிநாதன் ஜாஸ்தியாகவே பூசினார். ராணி குரைத்த குரைப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னாங்க, புது மாப்ள மாதிரி மணக்கிறீங்க?" என்று சிரித்த பட்டம்மாள், நாயைக் கட்டிக்கொண்டு, "நாளன்னிக்கு அந்தப் பொண்ணு வந்து இட்டுனு போய்டும்" என்று கண்ணைத் துடைத்தாள்.

சனிக்கிழமை தொழிற்சாலையில் மோட்டார் பழுது. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சுண்ணாம்பு படிந்த கைலியோடு கொல்லைப்புறமாக நழுவி வந்தார். அங்கே படுத்திருந்த ராணி தலையைத் தூக்கியது. அவர் அசையாமல் நின்றார். அது எழுந்து வந்து கையை முகர்ந்தது, காலை முகர்ந்தது, அவர் பாதத்தின்மேல் மோவாயை வைத்துப் படுத்துவிட்டது.

"பட்டு, இங்க வந்து பாரேன்!"

பட்டம்மாள் உடனே நிஷாவுக்குப் போன் போட்டாள்.

"குட்டியிலேர்ந்து பேரணாம்பட்டு தோல் டேனரி கேட்டாண்டதான்க்கா இருந்துச்சு. அங்க வேலை செய்றவங்கதான் சோறு போட்டாங்க. நான் சொல்லலையா?"

"நீ எங்கம்மா சொன்னே!"

போனை வைத்தவள் கணவரைப் பார்த்தாள். "இன்னிக்குக் குளிக்காதீங்க."

"நாத்தம் தாங்குவியா?"

"அந்தப் பொண்ணு வந்துட்டுப் போற வரைக்கும் தாங்கிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை நிஷா வந்தபோது ராணி காசிநாதனின் காலடியை விட்டு நகரவில்லை. நிஷா துப்பட்டாவை மூக்கருகே இழுத்துக்கொண்டாள்.

"இனிமே இது உங்க வீட்டு நாய்தாண்ணா. நீங்க மொதல்ல போய்க் குளிங்க."

நிஷாவின் வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் காசிநாதனுக்கு மூச்சு வந்தது. சோப்பைத் தொடாமல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, பயந்து பயந்து வெளியே வந்தார். ராணி முகர்ந்து பார்த்தது. வாலை ஆட்டியது. உள்ளே பட்டம்மாள் மகளோடு போனில் பேசிய பேச்சு தெருவரை கேட்டது.